நல்ல காலுக்கும் சேர்த்துத்தான் பரிசோதனை: புதுச்சேரியில் இரண்டு நாள்

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் கோயில் பயணம்தான். எந்த பஸ்ஸில் போகலாம், நடை எப்போது சாத்துவார்கள், எந்த ஓட்டலில் சாம்பார் வாயில் வைக்கிற மாதிரி இருக்கும், இதுதான் என் சங்கதி. இந்தத் தடவை ஒரு மாறுதல். என் மகள் துர்காவின் இடது முட்டியைப் பரிசோதிக்க, ஐப்பசி கடைசி வாரத்தில் ஒரு வியாழனும் வெள்ளியும், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போய்த் தங்கி வந்தோம். போன பதிவில் அவள் முட்டியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியதற்கே ஏழெட்டுப் பேர் விவரம் கேட்டு எழுதிவிட்டீர்கள். எல்லாருமே விளையாடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள். உங்களுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். டாக்டர் இல்லை நான், எட்டாவதோடு நின்றவள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

துர்கா கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கபடியில் பாடிப் போகிறவள் அவள்தான். தை மாதம் ஒரு போட்டியில் பாடிப் போனவள், இடது காலை ஊன்றிச் சடக்கென்று திரும்பினாள். யாரும் பிடிக்கக்கூட இல்லை. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேன் எடுத்தால், முட்டிக்கு நடுவில் எலும்பையும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கிற நார் முழுசாக அறுந்திருக்கிறது. ஏசிஎல் என்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் முட்டி திரும்பினால் முதலில் கட்டுப் போடுகிறவரிடம்தான் ஓடுவோம். என் கொழுந்தனார் வாலிபால் ஆடி முட்டி திரும்பி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஒன்றரை மாதம் கட்டிலில் கிடந்தார். வலி போய்விட்டது. ஆனால் கால் இன்றைக்கும் முழுசாக நீளாது, பந்தையும் அதோடு தொடவில்லை. கட்டுப் போட்டவரைக் குறை சொல்லவில்லை. அறுந்த நார் கட்டுப் போட்டால் ஒட்டுவதில்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது, அதுதான் விஷயம்.

துர்காவுக்கு மாசி மாதம் புதுச்சேரியில் ஆபரேஷன் ஆனது. முட்டியைப் பிளக்கவில்லை. இரண்டு சின்னத் துளை, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அவள் தொடையின் பின்பக்கத்திலிருந்தே ஒரு நாரை எடுத்து, மடித்துத் தடிப்பாக்கி, எலும்பில் துளை போட்டு உள்ளே இழுத்து மாட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் கையில் ஊன்றுகோலைக் கொடுத்து ‘எழுந்து நில்லும்மா’ என்றதும் எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. நேற்று அறுத்த காலை இன்றைக்கு ஊன்றச் சொல்கிறார்களே என்று. அப்புறம்தான் புரிந்தது, படுக்கப் போடுவதுதான் பழைய வைத்தியம். அசையாமல் வைத்தால் முட்டி இறுகிவிடும், தொடைச் சதை கரைந்துவிடும். அதனால் முதல் நாளிலிருந்தே மடக்கு, நீட்டு, சதையை இறுக்கு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். தொடையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை மாதிரி ஒன்றைக் கட்டிக் காற்றடித்து, ரொம்பச் சின்ன எடையைத் தூக்க வைத்தார்கள். ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் அளவாகக் குறைத்தால், லேசான எடையிலேயே சதைக்குப் பெரிய எடை தூக்கின பலன் கிடைக்குமாம், புண் ஆறாத முட்டிக்கும் சுமை ஏறாதாம். “வீட்ல புடவைத் துணியைக் கிழிச்சுக் கட்டிச் செய்யலாமா மேடம்?” என்று கேட்டேன். “தாயே, அப்படி எதுவும் செஞ்சிடாதீங்க” என்று எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார் பிசியோதெரபி மேடம். நீங்களும் செய்துவிடாதீர்கள்.

அவர் பெயர் பியாத்ரிஸ். முப்பத்தைந்து வயதிருக்கும், புதுச்சேரிக்காரர். ஒன்பது மாதமாகத் துர்காவின் முட்டி அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. புது நார் உள்ளே எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டதற்கு, “உங்க ஊர்ல ஒட்டு மாங்கன்னு நடுவீங்க இல்ல? முதல் ரெண்டு வருஷம் பூ வந்தாக்கூட கிள்ளித்தானே போடுவீங்க? மேல பார்த்தா பச்சைப் பசேல்னு இருக்கும், உள்ள வேர் புடிச்சிருக்காது. அது மாதிரிதான் இது” என்றார். முட்டி வலிக்கவில்லை என்பதால் ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லையாம். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டத்தில் இறங்கவே கூடாதாம். அதற்குப் பிறகும் மாதக் கணக்கைப் பார்த்து அனுப்ப மாட்டார்கள், பரிசோதனை வைத்து அதில் தேறினால்தான் அனுப்புவார்கள்.

அந்தப் பரிசோதனைக்குத்தான் இந்தப் பயணம். டிசம்பரில் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. அந்த அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் பிற்பாடு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப் போடலாம். “பிசியோ கடிதம் கொண்டா, ஆடு. கடிதம் இல்லேன்னா கோட்டுக்குள்ள கால் வைக்காத” என்று அவளுடைய கோச் தீர்த்துச் சொல்லிவிட்டார். ஆக, வெள்ளிக்கிழமை அந்தக் கடிதம் கிடைக்குமா, கிடைக்காதா. எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக இதைத் தவிர வேறு பேச்சில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பரிசோதனையில் அடிபட்ட காலை நல்ல காலோடு ஒப்பிடுவார்கள். இடது காலின் பலம், வலது காலின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருக்க வேண்டும். ஆவணியில் மெஷினில் அளந்து பார்த்தபோது வலது 140, இடது 109. நூற்றுக்கு எழுபத்தெட்டு வந்தது. வீட்டுக்கு வந்து நானும் துர்காவும் உட்கார்ந்து யோசித்தோம். இடது காலை ஏற்றுவது ஒரு வழி. வலது காலை ஏற விடாமல் வைப்பது இன்னொரு வழி. மேடம் எழுதிக் கொடுத்த பயிற்சியில் இரண்டு காலுக்கும் பங்கு இருந்தது. வலது காலின் பங்கையும் எடுத்து இடது காலுக்கே கொடுத்தோம். மாடிப்படி ஏறினாலும் இடது காலை வைத்தே ஏறினாள். குடத்தைத் தூக்கினால் இடது பக்கம். வலது காலுக்கு முழு ஓய்வு. எங்கள் இரண்டு பேருக்கும் இது ரொம்பச் சரியான கணக்காகத்தான் பட்டது. குறுக்கு வழி என்ற நினைப்பே வரவில்லை, பாருங்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

‘பஸ்ஸில் குலுங்கி வந்த காலோடு குதிக்க வேண்டாம், முதல் நாளே வந்து நல்லாத் தூங்கி எழுந்து வாங்க’ என்று மேடம் சொல்லியிருந்ததால் வியாழன் காலையே கிளம்பிவிட்டோம். விழுப்புரம் புது பஸ் நிலையத்தில் 9.20க்குப் புதுச்சேரி பஸ். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். டவுன் பஸ் மாதிரி பெண்களுக்கு இலவசம் என்று நினைத்து ஏறிவிடாதீர்கள், இதில் டிக்கெட் உண்டு. முட்டி வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இடது முட்டி என்றால் டிரைவர் பக்கத்து வரிசையில் நடைபாதை ஓர சீட்டைப் பிடியுங்கள், காலை நடைபாதையில் நீட்டிக்கொள்ளலாம். வலது முட்டி என்றால் எதிர் வரிசை. ஜன்னல் ஓரம் காற்று வரும்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் முட்டியை மடக்கியே வைத்திருந்தால் இறங்கும்போது விறைத்துக்கொள்ளும்.

வளவனூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வில்லியனூரில் பஸ்ஸிலிருந்தே கோபுரம் தெரியும், அங்கிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். “அப்படியே மாதா கோயிலையும் சேத்துக் கும்பிட்டுக்க, யாரையும் விட்டுடாத” என்று பக்கத்திலிருந்து துர்காவின் குத்தல். கும்பிட்டேன்தான். மூலக்குளத்தில் பாதி பஸ் காலியாகும். அதற்குப் பிறகு சாலையில் நெரிசல்தான், ரெட்டியார்பாளையத்தைத் தாண்டவே இருபது நிமிஷம் ஆனது.

பஸ் நிலையத்திலிருந்து நாங்கள் தங்கிய விடுதி இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார்.

“ரெண்டரை கிலோமீட்டருக்கு இருநூறா தம்பி?”

“மழைக்கா. எனக்கும் நனையுது, வண்டிக்கும் நனையுது.”

“எங்களுக்கு மட்டும் வெயிலா அடிக்குது?”

சிரித்துவிட்டார். நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்ததும் “கோயிலாக்கா, ஆஸ்பத்திரியா, பீச்சா?” என்றார். “மூணும்தான்” என்றேன். “கபடி ஆடி முட்டி போச்சுண்ணா, நாளைக்கு டெஸ்ட்” என்று துர்கா சொன்னதும் அவர் திரும்பியே பார்த்துவிட்டார். “ரோட்டைப் பாருப்பா” என்று நான் கத்த வேண்டியதாயிற்று. “இல்லக்கா, எனக்கும் தோள்பட்டை போச்சு. கிரிக்கெட்ல பந்து போட்டது. தைலம் தேச்சித் தேச்சி ஊர்ல இருக்கிற தைலம் எல்லாம் தீந்துடுச்சி, தோள் மட்டும் தீரல” என்றார். இறங்கும்போது “ஆல் த பெஸ்ட்டும்மா, என் பங்குக்கும் சேத்து ஆடு” என்றார். துர்கா தலையாட்டினாள், வாயைத் திறக்கவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடுதியில் தரைத்தளத்தில் அறை கேளுங்கள். அழகான பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள், மரப்படிகள் செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் கிடையாது. எங்களுக்கு ஒரு நாளுக்கு 900. மேற்கத்திய கழிவறை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். முட்டிக்காரர்களுக்கு அது முக்கியம்.

சாயங்காலம் மழை விட்டதும் கடற்கரைக்கு இரண்டு தெரு முன்னால் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வாசல் கடையில் நேர்த்திக்கடனுக்கு வெள்ளித் தகட்டில் கண், கை, கால் எல்லாம் தொங்கவிட்டிருந்தார்கள். “இடது கால் ஒண்ணு குடும்மா” என்றேன். “இதுல இடது வலதெல்லாம் இல்லக்கா, சாமிக்குத் தெரியாதா எந்தக் கால்னு?” என்றாள் கடைக்காரப் பெண். நூற்றைம்பது கொடுத்து வாங்கி உண்டியலில் சேர்த்துவிட்டேன். கடிதம் கிடைக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். வாய் அதைத்தான் சொன்னது. ஆனால் மனசுக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது: இவள் மறுபடி கோட்டுக்குள் இறங்கி, மறுபடி அந்தச் சத்தம் கேட்டால்? இரண்டையும் ஒரே சாமியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விபூதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலை ஆனால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. தரையும் சமமாக இருக்கிறது. ஊன்றுகோலோடு இருந்த நாட்களில் துர்கா முதன்முதலாகத் தைரியமாக நடந்தது இங்கேதான். அதே தெருவழியாகத் திரும்பும்போது ஒரு மைதானத்தில் சில பெரியவர்கள் இரும்புக் குண்டு வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து விளையாட்டு, ஒரு சின்னக் கட்டைப் பந்துக்குப் பக்கத்தில் யார் குண்டு நிற்கிறது என்பதுதான் ஆட்டம். அறுபதைத் தாண்டிய ஒருவர் சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்து, குண்டை வீசிவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்தார். 

“யம்மா, அவரு முட்டியைப் பாரு, முழு மடக்கு!” 

“பாத்தேன், குதிகால் தரையை விட்டு எழும்பவே இல்ல.” 

ஊர் அழகைப் பார்க்க எல்லாரும் புதுச்சேரி வருகிறார்கள். நாங்கள் முட்டி முட்டியாகப் பார்த்துக்கொண்டு போனோம்.

வெள்ளிக்கிழமை காலை இட்லி, காபி முடித்து ஒன்பதரைக்கு முத்தியால்பேட்டைப் பக்கம் இருக்கிற அந்தப் பிசியோ மையத்துக்குப் போய்விட்டோம். பரிசோதனைக்கு 1,500. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரைக்கால் பேன்ட்டும், வழக்கமாக ஓடுகிற ஷூவும் கொண்டுபோக வேண்டும்.

முதலில் சைக்கிள் மிதிக்கவிட்டார்கள். பிறகு மேடம் முட்டியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். புது நார் தளர்ந்திருக்கிறதா என்று இதில் தெரியுமாம். “கெட்டியா இருக்கு. நல்லா புடிச்சிருக்கு” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்தது ஒரு நாற்காலி. உட்கார வைத்துப் பட்டை போட்டுக் கட்டி, காலை நீட்டித் தள்ளச் சொன்னார்கள். எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறாள் என்று எதிரே திரையில் எண் வரும். முதலில் வலது: 126. அடுத்து இடது: 118. மனசுக்குள்ளேயே வகுத்துப் பார்த்துவிட்டேன், நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல்! பிறகு ஒற்றைக் காலில் தாண்டல். ஒரு தாண்டல், தொடர்ந்து மூன்று தாண்டல், கோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தாண்டல். தாண்டினால் மட்டும் போதாது, விழுந்த இடத்தில் முட்டி உள்பக்கமாகச் சாயாமல் நிற்கவும் வேண்டும். அதிலும் தொண்ணூறைத் தாண்டினாள். நான் கையைக் கூப்பிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டேன்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து டேப்பை எடுத்து வலது தொடையைச் சுற்றி அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“துர்கா, வலது கால்ல எங்கேயாவது அடி பட்டுச்சா?”

“இல்ல மேடம்.”

“காய்ச்சல், ஒடம்பு சரியில்லாம போச்சா?”

“இல்ல மேடம்.”

“பின்ன இந்தக் கால் ஏன் இப்படி எளச்சுப் போச்சு?”

துர்கா என்னைப் பார்த்தாள். நானும் ஒளிக்காமல், “நாங்கதான் மேடம் அதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தோம்” என்றேன்.

“எதுக்கு?”

“அது ஏறிக்கிட்டே போனா இது எப்ப எட்டிப் புடிக்கும் மேடம்? நூத்துக்குத் தொண்ணூறு வரணும்னு சொன்னீங்களே.”

மேடம் கையிலிருந்த டேப்போடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொள்கிற வரைக்கும் சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்த ஒரு பையனும் சேர்ந்து சிரித்தான். “அம்மா, பதினோரு வருஷமா இந்த வேலையில இருக்கேன். பரிட்சையில பாஸாக பக்கத்து சீட்டுப் புள்ளையோட மார்க்கைக் கொறைச்சது நீங்கதான்” என்றார்.

நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். அப்புறம் அவர் முகம் மாறியது. மெதுவாக எடுத்துச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே துர்காவின் வலது காலை அளந்து வைத்திருக்கிறார்கள். அப்போது 150. ஆட்டம் நின்றதால் ஆவணியில் 140 ஆனது. இப்போது எங்கள் புண்ணியத்தில் 126. “இப்ப ரெண்டு காலும் சமம்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ரெண்டுமே கபடி ஆடுற கால் இல்ல. இவ இடது காலை அந்த 150ஓட வச்சுப் பாருங்க, நூத்துக்கு எழுபத்தொம்பதுதான் வரும். முட்டி ஆபரேஷன் ஆன புள்ளைங்களுக்கு மறுபடி அடிபட்டா, பல பேருக்கு அது அதே முட்டியில இல்ல, அந்த நல்ல முட்டியில. அதனாலதான் ரெண்டு காலுக்கும் பயிற்சி எழுதிக் குடுத்தேன். ஏன்னு அப்பவே நான் வெளக்கிச் சொல்லியிருக்கணும், என் மேலயும் தப்பு இருக்கு.”

ஒரு முட்டிக்காக ஒன்பது மாதமாகச் சாமி கும்பிட்டுவிட்டு, இன்னொரு முட்டியை நானே கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தேனே!

“அப்ப கடிதம்?” என்றாள் துர்கா.

“டிசம்பருக்குத் தர மாட்டேன்மா.”

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் இன்னும் சில கேள்விகள் கேட்டார். இதுவும் பரிசோதனையில் ஒரு பங்குதானாம், உடம்பு தயாரா என்பது போலவே மனசு தயாரா என்றும் இப்போதெல்லாம் பார்க்கிறார்கள். மறுபடி அடிபடும் என்று பயம் இருக்கிறதா, முட்டியை நினைக்காமல் ஆட முடியுமா, பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் சொல்ல வேண்டும். துர்கா எல்லாவற்றுக்கும் “நூறு, நூறு” என்றாள். மேடம் என்னிடம் திரும்பி, “அம்மா, எதிர்ல டீக்கடை இருக்கு. நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு, எங்களுக்கும் ரெண்டு வாங்கிட்டு வாங்க” என்றார்.

எதற்கு என்னை வெளியே அனுப்புகிறார் என்று புரியாமலா இருக்கும்? போனேன். அந்தக் கடையில் டீ நன்றாகத்தான் இருந்திருக்கும், எனக்கு ருசி தெரியவில்லை. பார்சல் வாங்கித் திரும்பி வந்தபோது துர்காவின் மூக்கு சிவந்திருந்தது.

“அம்மாகிட்ட சொல்லு” என்றார் மேடம்.

“யம்மா, எனக்குப் பயமா இருக்கு. நேரா ஓடினா ஒண்ணும் தெரியல. காலை ஊனித் திரும்பணும்னு நெனச்சாலே அந்த ‘டப்’ சத்தம் காதுல கேக்குது. டிசம்பர் வர வர தூக்கமே இல்ல.”

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“நீயே கோயில் கோயிலா போய்க்கிட்டு இருக்க. சொன்னா இன்னும் நாலு கோயில் சேத்துப்ப.”

மேடம் டீயைக் கொட்டிக்கொள்ளப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். “எனக்கும் பயம்தாண்டி. கடிதம் கெடைக்கணும்னு கேட்டுக்கிட்டே, கெடைச்சுட்டா என்ன பண்றதுன்னு நடுங்கிக்கிட்டு இருந்தேன்” என்றேன்.

“நல்லா இருக்கு. அவ உங்களுக்காகப் பயத்தை மறைச்சா, நீங்க அவளுக்காக மறைச்சீங்க. அப்ப டிசம்பர்ல யாருக்காக ஆடப் போறதா இருந்தீங்க?” என்றார் மேடம்.

அந்தப் பயமும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான், அதற்கும் பயிற்சி இருக்கிறது என்றார். அங்கேயே ஒன்று காட்டினார். துர்காவைத் தரைவிரிப்பில் நிறுத்தி, இடது காலை ஊன்றி மெதுவாகத் திரும்பச் சொன்னார். கட்டை மாதிரி திரும்பினாள், மூச்சை அடக்கிக்கொண்டு. “ஆட்டத்துல சும்மாவா திரும்புவ? பாடிக்கிட்டே திரும்பு” என்றார். துர்காவுக்கு வெட்கம். பக்கத்துக் கட்டில் பையன், “நான் பாக்கல, நீ பாடு” என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். மெல்ல ஆரம்பித்தாள். கபடி கபடி கபடி. இரண்டாவது சுற்றில் முட்டி இளகியது. நாலாவது சுற்றில் தோள், இடுப்பு, கால் எல்லாம் சேர்ந்து திரும்பியது. கவனம் முட்டியிலேயே இருந்தால் உடம்பு இறுகும், வாயில் வேலை கொடுத்தால் உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்துகொள்ளும் என்றார் மேடம். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை என் மகள் வாயிலிருந்து கேட்டேன்.

கடிதம் ஒன்று கொடுத்தார்தான், வேறு மாதிரி. அணியோடு பயிற்சிக்குப் போகலாம். யாரையும் பிடிக்கக்கூடாது, யாரும் பிடிக்கக்கூடாது. பிப்ரவரியில் மறுபடி பரிசோதனை. இரண்டு காலும் அந்தப் பழைய 150ஐ ஒட்டி வந்து, மனசும் சரி என்றால், மார்ச்சில் மாவட்டத் தேர்வுக்குப் போகலாம்.

வாசல்படியில் நின்றபடியே துர்கா கோச்சுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். “சார், டிசம்பருக்கு நான் வரல சார். கால் இன்னும் ரெடியாகல. எனக்கும் கொஞ்சம் பயமா இருக்கு சார்” என்றாள். கோச், “பயத்தோட பாடிப் போனா மூச்சு பாதியில நின்னுடும். முழுசா வா. அடுத்த வருஷமும் யுனிவர்சிட்டி டீம் இருக்கும், எங்கேயும் ஓடிடாது” என்றார். போனை வைத்ததும் அவள் தோள் இரண்டு விரற்கடை கீழே இறங்கியதை நான் பார்த்தேன்.

அன்று மதியம் நேரு வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். அளவுச் சாப்பாடு 110. இரண்டு மாதமாகக் கொறித்துக்கொண்டிருந்தவள் ரசத்துக்கு இரண்டாவது தடவை சாதம் கேட்டு வாங்கினாள். கடிதம் கிடைக்காத குடும்பம் மாதிரி நாங்கள் சாப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். 3.15 பஸ்ஸில் ஏறி, ஐந்து மணிக்குள் வீடு வந்து விளக்கேற்றிவிட்டேன்.

போகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு பேருக்கு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. பழைய ஸ்கேன், பழைய அளவுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், இன்றைய எண் மட்டும் கையில் இருந்தால் ஒன்றும் விளங்காது. மழைக்காலத்தில் ரப்பர் செருப்பு வேண்டாம், அந்த ஊர்க் கல்தரை வழுக்கும். பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்கும் முன்பே நல்ல காலையும் அளந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சித் தாளில் ஏதாவது அனாவசியம் என்று தோன்றினால் நீங்களாக வெட்டிவிடாமல் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் குறைந்து போக மாட்டோம். பரிசோதனை நடுவில் உங்களை டீ குடிக்கப் போகச் சொன்னால், மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய்விடுங்கள்.

கொழுந்தனார் காலத்தில் யாரும் எதையும் அளக்கவில்லை. வலி நின்றது, எழுந்து நடந்தார், அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. இன்றைக்கு என் மகளிடம் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்ல ஒருவர் இருக்கிறார், ஏன் என்று காட்ட ஓர் எண் இருக்கிறது, எப்போது என்று கேட்டால் சொல்ல மார்ச் என்று ஒரு மாதம் இருக்கிறது. வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்டு இவ்வளவு நிம்மதியாக ஒருநாளும் நான் வீடு திரும்பியதில்லை. பிள்ளையாரிடம் நான் கேட்கத் தெரியாமல் விட்டதையும் சேர்த்தே கொடுத்தார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று சாயங்காலம் துர்கா பின்கட்டில் பலகையின் மேல் வலது காலை வைத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏம்மா, இதுல எதும்மா நல்ல கால்?”

“இப்போதைக்கு ரெண்டும் இல்லப்பா. மார்ச்சுல வந்து கேளு” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.